கொரிய மடிப்புத் திரையைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பது

சியோலின் சாங்தொக்குங் அரண்மனையில் இன்ஜொங்ஜொன் என்ற அரியணை மண்டபம் இருக்கிறது. அங்கே அரியணைக்குப் பின்னால் நின்ற திரையைச் சில ஆண்டுகளுக்கு முன் பழுதுபார்ப்பதற்காக முழுதாகப் பிரித்தார்கள். சூரியன், சந்திரன், ஐந்து மலைச் சிகரங்கள் வரைந்த திரை அது. ஓவியத்துக்கு முதுகுத் தாளாக ஒட்டியிருந்தவற்றைப் பிரித்தால், 1840-இல் நடந்த அரசுத் தேர்வில் தேறாதவர்களின் விடைத்தாள்கள்! மொத்தம் 27 தாள்கள். தோற்றவர்களின் தாள்களைத் தேர்வு நடத்தியவர்கள் எறிந்துவிடவில்லை. நல்ல கனமான தாள் என்பதால் ஒட்டு வேலைக்குப் போயிருக்கிறது. ஜோசன் அரசமரபு ஆண்ட கொரியாவில் தாள் அவ்வளவு மலிவான பொருள் இல்லை.

இதிலிருந்து கிடைக்கும் காலக்கணக்கு எளிது. அந்த ஒட்டு 1840-க்கு முன் நடந்திருக்க முடியாது. ஓவியமும் அப்போதுதான் வரையப்பட்டதா என்பது தனிக் கேள்வி. பழைய கொரியத் திரை ஒன்றைக் கையாளும்போது மனதில் இருக்க வேண்டியது இந்த வேறுபாடுதான். ஓவியம், அதன் பின் ஒட்டு, சுற்றியுள்ள பட்டுக் கரை, மரச்சட்டம், கீல்கள் ஆகிய ஐந்துக்கும் ஐந்து வெவ்வேறு வயது இருக்கலாம். ஐந்தும் ஒரே வயதில் இருக்கும் திரை அரிது. முன்பக்கத்தை மட்டும் பார்த்து "19ஆம் நூற்றாண்டு" என்று சொல்பவர், ஐந்தில் ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறார்.

கொரியர்கள் ப்யொங்புங் என்று அழைக்கும் இந்தத் திரைகள் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு மடிப்புகளில் வரும் (மடிப்பு என்பது கீலில் விரியும் ஒரு தனிப் பகுதி). வீடுகளில் அதிகம் இருந்தவை எட்டும் பத்தும். படுக்கையின் தலைமாட்டில் வைக்கும் குட்டையான இரண்டு மடிப்புத் திரை தனி வகை. காற்றை மறைப்பது தொடக்கக் காலப் பயன். ஆனால் திரை இல்லாமல் ஜோசன் காலத்தில் முக்கியச் சடங்குகள் நடப்பது அரிது. திருமணத்தில் மணமக்களுக்குப் பின்னால் திரை. அறுபதாம் பிறந்தநாளில் பெரியவருக்குப் பின்னால் திரை. முன்னோர் வழிபாட்டில் படையலுக்குப் பின்னால் திரை. வீட்டில் இறப்பு நேர்ந்தால் உடலுக்கு முன்னால் திரை. ஒரே திரையின் முன்பக்கம் பூவும் பறவையும், பின்பக்கம் எழுத்து மட்டும் என்று இருபுறமும் ஒட்டி, மங்கல நாளுக்கு ஒருபக்கம், திதிக்கு மறுபக்கம் என்று திருப்பி வைக்கும் வழக்கம் இன்றைய கொரிய வீடுகளிலும் உண்டு. ஆகவே பின்பக்கம் எழுத்து இருந்தால், யாரோ பிற்காலத்தில் ஒட்டிவிட்டார்கள் என்று அவசரப்படக் கூடாது.

கட்டுமானத்துக்கு வருவோம். ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ளே எடை குறைந்த மரச்சட்டம். குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் போட்ட கட்டக் கூடு அது. அதன்மேல் ஹான்ஜி எனும் கொரியத் தாள் பல அடுக்காக ஒட்டப்படும். காகித மல்பெரி மரப்பட்டையின் நீண்ட நாரிலிருந்து செய்யும் தாள் இது, கிழிப்பது கடினம். உட்புற அடுக்குகள் சட்டத்தின்மேல் மத்தளத் தோல்போல் இழுபட்டு நிற்கும், நடுவில் காற்று. வெளிக்காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது விரிந்து சுருங்கும் வேலையை இந்த அடுக்குகள் வாங்கிக்கொள்ளும். ஓவியம் கடைசி அடுக்காகத்தான் அதன்மேல் உட்காருகிறது. இதனால்தான் நல்ல பழைய திரை எதிர்பார்ப்பதைவிட எடை குறைவாக இருக்கும். தூக்கும்போது ஒரு மடிப்பே மேசைப்பலகை கனம் கனத்தால், உள்ளே ஒட்டுப்பலகை போட்டு 20ஆம் நூற்றாண்டில் யாரோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஒட்டுப்பலகையில் நேரடியாக ஒட்டிய ஓவியத்துக்கு நெகிழ இடமில்லை. ஈரம் மாறும்போது பலகை ஒருபக்கம் இழுக்க, பட்டு மறுபக்கம் இழுக்க, நடுவில் நெடுக்காக வெடிப்பு விழும்.

டார்ச் விளக்கை ஓவியத்துக்குப் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் மரக் கட்டங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தால், உட்புறத் தாள் அடுக்குகள் தளர்ந்துவிட்டன அல்லது முதலிலேயே போதிய அடுக்கு போடவில்லை. கட்டத்தின் நடுப்பகுதிகளில் மட்டும் குழி விழுந்து, வட்டமாகக் கிழிந்திருந்தால் அது யாருடைய முழங்கையோ நாற்காலி முனையோ பட்டது. கட்டத்தின் ஓரத்தை ஒட்டி நேர்கோட்டில் கிழிந்திருந்தால் அது சட்டம் வளைந்ததால் வந்தது. முதலாவது கிழிசலைத் தனியாகத் தைலம் பூசுவதுபோல் அந்த இடத்தில் மட்டும் சரிசெய்யலாம். இரண்டாவதற்குச் சட்டத்தையே மாற்றாமல் தீர்வு கிடையாது.

ஜப்பானியத் திரையோடு குழப்பிக்கொள்வதுதான் மிகப் பொதுவான தவறு. ஜப்பானியத் திரை பெரும்பாலும் ஆறு மடிப்பு, இரட்டையாக வரும்; தாள் கீல்களால் இடைவெளியின்றி இணைவதால் ஓவியம் ஒரே பரப்பாக ஓடும்; முழுத் திரையையும் சுற்றி ஒரு கரை; நேராகத் தரையில் உட்காரும். கொரியத் திரையில் வழக்கமாக ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்தனிப் பட்டுக் கரை; ஓவியத்துக்குக் கீழே அகலமான பகுதி; அதற்கும் கீழே தரையிலிருந்து உயர்த்தும் மரக் கால்கள். அரசவைத் திரைகளில் கால்களுக்கு இடையே உள்ள பலகையில் காற்றுப் போக அலங்காரத் துளைகள் வெட்டியிருப்பார்கள். கால்கள் அழகுக்கு மட்டும் அல்ல. கொரிய வீட்டில் தரைக்கு அடியில் அடுப்புச் சூடு ஓடும். ஓவியத்தின் அடிவிளிம்பு அந்தச் சூட்டிலும், கூட்டும் துடைப்பத்திலும், சிந்தும் நீரிலும் படாமல் கால்கள் காக்கின்றன. தரையில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கு ஓவியம் வருவதும் அதனால்தான்.

சிக்கல் எங்கே என்றால், 1910 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியின்போது ஏராளமான கொரிய ஓவியங்கள் ஜப்பானிய பாணியில் மறுபடி கட்டப்பட்டன. கால்கள் அறுபட்டன, தனிக் கரைகள் போயின, ஜரிகைத் துணி வந்தது, மூலைகளில் உலோகத் தகடு ஏறியது. இப்படிக் கட்டிய திரைகள் மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் ஜப்பானியம் என்ற பெயரில் பல ஆண்டுகள் கிடந்ததுண்டு. கட்டுமானத்தை வைத்து நாட்டை முடிவுசெய்யக் கூடாது. கால்கள் இல்லை என்பது கொரியம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. கால்கள் இருப்பது பழமைக்கும் சான்றாகாது.

அடுத்தது வரிசை. மடிப்புகள் வலமிருந்து இடமாக எண்ணப்படும். மறுபடி கட்டும்போது வரிசை மாறிப்போவது சாதாரணமாக நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஓவிய வகையை அறிந்திருந்தால் போதும். எட்டு அறங்களின் சீன எழுத்துகளை அலங்கரித்து வரையும் முன்ஜாதோ வகையில் வரிசை மாறவே மாறாது: பெற்றோர் பக்தி, உடன்பிறப்புப் பாசம், விசுவாசம், நம்பகம், மரியாதை, நேர்மை, தூய்மை, நாணம். பெற்றோர் பக்தி எழுத்தில் கெண்டை மீனும் மூங்கில் குருத்தும் இருக்கும். பனிக்காலத்தில் தாய்க்காக மீனும் குருத்தும் தேடிய பிள்ளைகளின் சீனக் கதைகள் அவை. மீனும் மூங்கில் குருத்தும் சேர்ந்து இருக்கும் மடிப்பு வலக்கோடியில் இல்லையென்றால் யாரோ கலைத்திருக்கிறார்கள். அரியணைத் திரையில் நம் வலப்பக்கம் சிவப்புச் சூரியன், இடப்பக்கம் வெள்ளைச் சந்திரன். தெற்கு நோக்கி அமரும் மன்னருக்கு இடக்கை கிழக்கு என்பதே கணக்கு. மறந்துபோனால் 2007-இல் வந்த பத்தாயிரம் வொன் நோட்டைப் பாருங்கள்; செஜோங் மன்னருக்குப் பின்னால் அந்தத் திரைதான் அச்சாகியிருக்கிறது. ஒருவரின் வாழ்க்கையைக் காட்டும் திரை முதல் பிறந்தநாள் விழாவில் தொடங்கி, திருமணம், பதவிகள் வழியாக, திருமணத்தின் அறுபதாம் ஆண்டு விழாவில் முடியும்.

தொடர் நிலக்காட்சியாக இருந்தால் இன்னும் எளிது. மடிப்பு விளிம்பில் வெட்டுப்படும் மரக்கிளை, அலை, மேகம் ஆகியவை அடுத்த மடிப்பில் தொடர்கின்றனவா என்று பாருங்கள். தொடர்கிறது, ஆனால் நடுவே இரண்டு விரல் அகலம் காணவில்லை என்றால், மறுகட்டின்போது ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. பழுதான விளிம்பைச் சரிசெய்வதைவிட வெட்டி எறிவது சுலபம் என்று நினைத்தவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள்.

கடைசி மடிப்புகள் தொலைவது இதைவிடப் பெரிய இழப்பு. அரசவையில் ஒரு நிகழ்ச்சி நடந்தால், அதில் பணியாற்றிய அதிகாரிகள் சேர்ந்து நினைவுத் திரை வரையச் செய்து, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். பெயர்ப் பட்டியல் கடைசி மடிப்பில் இருக்கும். அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள பத்து மடிப்புத் திரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நீண்ட ஆயுளின் பத்துச் சின்னங்களை வரைந்த திரை அது. சூரியன், மேகம், மலை, நீர், தேவதாரு, கொக்கு, மான், ஆமை, பீச் பழம், சாகாவரக் காளான் என்று ஓடும் அந்தப் பட்டியல் திரைக்குத் திரை சற்று மாறும். எட்டு மடிப்புகளில் ஓவியம். கடைசி இரண்டில் எழுத்து. பின்னாளில் மன்னரான சுன்ஜோங், பட்டத்து இளவரசராக இருந்தபோது 1879-இல் பெரியம்மையிலிருந்து மீண்டதை ஒட்டிச் செய்தது என்பதும், அவரைக் கவனித்த மருத்துவ அலுவலகத்தின் அதிகாரிகள் யார் யார் என்பதும் அந்த இரண்டு மடிப்புகளால்தான் தெரிகிறது. அவற்றை அழகில்லை என்று கழற்றியிருந்தால், பெயரும் ஆண்டும் இல்லாத நூறு ஆயுள் திரைகளில் இதுவும் ஒன்றாகியிருக்கும். எட்டு மடிப்பில் ஓவியம் மட்டும் இருக்கும் அரசவைத் தரத் திரையைக் கண்டால், முதலில் அது பத்தாக இருந்ததா என்று சந்தேகப்படுவது நல்லது. விளிம்பு மடிப்பின் வெளிப்பக்கச் சட்டத்தில் பழைய கீல் தடம் இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும்; ஓரத்தில் நிற்க வேண்டிய மடிப்புக்கு வெளிப்பக்கக் கீல் தேவையே இல்லை.

ஓவியர் பெயர் பொதுவாக இருக்காது. அரசவைக்காக வரைந்த திரைகளில் ஓவியர்கள் பெரும்பாலும் கையெழுத்திட்டதில்லை. ஊர் ஊராகப் போய் வரைந்தவர்களுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. விதிவிலக்கு, புத்தக அலமாரிகளை வரையும் சேக்கொரி வகை. 1791-இல் ஜியோங்ஜோ மன்னர் அரியணைக்குப் பின்னால் சூரிய சந்திரத் திரைக்குப் பதில் புத்தகத் திரையை வைக்கச் சொன்ன பிறகு இந்த வகை பரவியது. அடுக்கிய நூல்கள், வெண்கலப் பாத்திரங்கள், பவளம், மயிலிறகு, கடிகாரம், மூக்குக்கண்ணாடி என்று அலமாரி நிறைந்திருக்கும். பெய்ஜிங் வழியாக வந்த ஐரோப்பிய ஆழக்காட்சி முறையும் அதில் உண்டு. இந்தப் பொருள்களுக்கு நடுவே முத்திரைக் கற்களும் கிடக்கும். அவற்றில் ஒன்று எழுத்துப் பக்கம் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் பூதக்கண்ணாடியை எடுங்கள். ஓவியரின் பெயர் அதில் ஒளிந்திருக்கலாம். யி ஹியோங்ரோக் என்ற ஓவியர் 1864-இல் யி உங்ரோக் என்றும், 1871-இல் யி தேக்கியூன் என்றும் பெயர் மாற்றிக்கொண்டார். ஆகவே முத்திரையில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதை வைத்தே காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் அடைத்துவிடலாம். கிளீவ்லாந்து அருங்காட்சியகத் திரையில் இருப்பது மூன்றாவது பெயர். முத்திரையை வரைந்தவர் கையெழுத்துப் போட்டதாக யாரும் குற்றம்சாட்ட முடியாது. கெட்டிக்காரத்தனம்தான்.

ஒரே அமைப்பில் இன்னொரு திரை இருக்கிறது என்பதை வைத்துப் போலி என்று சொல்வது தவறு. மாதிரி வரைவைக் கீழே வைத்துப் படியெடுப்பதுதான் அன்றைய வழக்கமான வேலைமுறை. போலியைக் காட்டிக்கொடுப்பது வேறு விஷயங்கள். பூதக்கண்ணாடியில் சீரான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. கோட்டின் கருமை தாளின் நாருக்குள் இறங்காமல் மேலே மினுங்கினால் நவீன மை. மடிப்புக்கு மடிப்பு பழுப்பு நிறம் ஒரே அளவில் இருந்தால் தேயிலைச் சாயம் என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையான பழமை சமமாக ஏறாது. சில இடங்கள் அதிகம் கறுத்திருக்கும், சில இடங்கள் பளிச்சென்று இருக்கும்.

வண்ணங்கள் காலத்தை நன்றாகச் சொல்லும். மரபு வண்ணங்கள் மாலகைட் பச்சை, அஸுரைட் நீலம், சாதிலிங்கச் சிவப்பு, ஈய வெள்ளை, கிளிஞ்சல் வெள்ளை, அரிதார மஞ்சள், அவுரி நீலம். இவற்றைப் பிடித்து வைப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரம் என்ற பசை. பட்டிலோ தாளிலோ வண்ணம் பரவாமல் இருக்க, முன்கூட்டியே வச்சிரமும் படிகாரமும் கலந்த நீர் பூசுவார்கள். படிகாரம் அதிகமானால் அமிலம் ஏறி, நூறாண்டு கழித்துப் பட்டு தொட்டால் பொடியாகும். பச்சைக்குக் கீழே மட்டும் பட்டு கறுத்துத் துளைபட்டிருந்தால் பச்சை வண்ணத்தில் உள்ள செம்பு வேலை காட்டியிருக்கிறது. 1814-இல் ஐரோப்பாவில் உருவான எமரால்டு பச்சையும், அதற்குச் சற்றுப் பின் வந்த செயற்கை அல்ட்ராமரீன் நீலமும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கொரிய ஓவியங்களில் நுழைந்துவிட்டன. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைத் தொடாமல் பிடித்தாலே தனிமங்கள் தெரியும்: பச்சையில் செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்து வந்தால் எமரால்டு பச்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்சனிக் என்பதால், உதிரும் பச்சைத் தூளை ஊதிவிடுவதும் வெறுங்கையால் துடைப்பதும் கூடாது. வெள்ளையில் டைட்டானியம் காட்டினால் அந்த இடமாவது முதல் உலகப்போருக்குப் பிந்தியது. பிற்காலப் பூச்சு அங்கே மட்டுமா, எங்குமா என்று பல இடங்களில் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

பழுதுபார்ப்பில் மிக ஆபத்தான கட்டம், ஓவியத்தை நேரடியாகத் தொட்டிருக்கும் முதல் முதுகுத் தாளை எடுப்பது. கொரிய ஓவியர்கள் பட்டின் பின்பக்கத்திலிருந்தும் வண்ணம் பூசுவார்கள். முன்னால் தெரியும் மென்மையான நிறம் பின்னாலிருந்து வருவதாக இருக்கலாம். தாளை உரிக்கும்போது அந்த வண்ணமும் அதோடு வந்துவிட்டால், முன்பக்கம் ஒரே நாளில் வெளிறிப்போகும். அதனால் முதலில் தூசியை மென்தூரிகையால் எடுப்பார்கள். ஒவ்வொரு நிறத்தையும் ஈரப் பஞ்சால் ஓரத்தில் சோதிப்பார்கள். உதிரும் இடங்களில் 1 முதல் 3 விழுக்காடு வரை நீர்த்த வச்சிரத்தைப் பலமுறை செலுத்துவார்கள். பிறகுதான் மேல்பக்கத்துக்குக் காப்புத் தாள் போட்டு, கவிழ்த்து, அளந்த ஈரம் கொடுத்து, பழைய தாளை விரலால் சிறுகச் சிறுக எடுப்பது. அவசரப்பட்டு ஈரத்தைக் கூட்டினால் தாள் எளிதாக வரும், வண்ணமும் எளிதாக வரும்.

பட்டில் ஓட்டை இருந்தால் புதுப் பட்டை அப்படியே வைத்து அடைக்க முடியாது. புதுப் பட்டு வலுவானது; இழுக்கும்போது தான் கிழியாமல் சுற்றியுள்ள பழையதைக் கிழிக்கும். அதனால் புதுப் பட்டை எலக்ட்ரான் கதிரில் வைத்து வேண்டுமென்றே வலுக்குறைத்து, நெசவு இழை எண்ணிக்கையும் பொருந்துமாறு தேர்ந்தெடுத்து ஒட்டுகிறார்கள். பசை, கோதுமை மாவிலிருந்து புரதத்தைக் கழுவி நீக்கி எடுத்த ஸ்டார்ச்சில் காய்ச்சியது. கொரிய மரபில் மாவை நீரில் நீண்ட காலம் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிப் புளிக்கவிடுவார்கள். ஒட்டும் வலு குறையும், அதுதான் தேவை. அடுத்த தலைமுறை பிரிக்கும்போது நீர் பட்டதும் விட்டுக்கொடுக்க வேண்டும். கடைச் சரக்கான வெள்ளைப் பிசின் விட்டுக்கொடுக்காது. பின்பக்க ஓரங்களில் பிளாஸ்டிக்போல் மினுங்கும் விளிம்பு தெரிந்தால் வெள்ளைப் பிசின்தான். அந்தத் திரைக்கான பழுதுச் செலவு இரண்டு மூன்று மடங்கு ஆகும் என்று எண்ணி விலை பேசுங்கள்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் செய்ய வேண்டியது குறைவு, செய்யக் கூடாதது அதிகம். எட்டு மடிப்பை ஒருவர் தனியாகத் திறக்கக் கூடாது. மடித்த நிலையில் நிமிர்த்தித் தூக்கி, இடத்தில் வைத்தபின், இருவர் இருபுறமும் மரச்சட்டத்தை மட்டும் பிடித்து மெதுவாக விரிக்க வேண்டும். முழுக்க நேராக்கினால் கீல் பிய்யும், திரையும் கவிழும். ஒவ்வொரு மடிப்பும் நல்ல கோணத்தில் வளைந்து நின்றால்தான் நிற்கும். தரை சமமில்லை என்றால் எல்லா அழுத்தமும் ஒரு கீலில் விழும்; மேலிருந்து கீழாகக் கீல் கிழிந்த திரைகளுக்குப் பெரும்பாலும் கோணல் தரைதான் காரணம். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி, ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கட்டும். வெளிச்சம் 50 லக்ஸ். அதுவும் ஆண்டு முழுக்க வேண்டாம், சில மாதங்கள் வைத்துவிட்டு மடித்துவிடுங்கள். ஏசியின் நேர்க்காற்றும் சன்னல் வெயிலும் ஒரே பருவத்தில் பட்டைத் தளர்த்திவிடும்.

மடித்து வைக்கும்போது ஓவியங்கள் ஒன்றையொன்று உரசாமல் இடையே அமிலமற்ற மெல்லிய தாள் வையுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி, தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பசை விருந்து. ஆண்டுக்கு இருமுறையாவது கால்களின் உட்பக்கத்தையும் கீல் இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தாளின் மேற்பரப்பு மட்டும் சுரண்டியதுபோல் இருந்தால் அந்தப் பூச்சி. மரத்தில் வட்டத் துளையும் கீழே மாவும் இருந்தால் மரவண்டு. எதற்கும் மருந்து தெளிக்காதீர்கள். திரையைப் பிளாஸ்டிக் உறையில் தனிமைப்படுத்திவிட்டு, ஆக்சிஜனை நீக்கும் முறை தெரிந்த பாதுகாப்பாளரைக் கூப்பிடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். டேப் பழுத்து உதிரும், அதன் பிசின் பட்டுக்குள் இறங்கித் தங்கிவிடும்.

கொரியாவிலேயே வாங்க நினைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கலைப்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லச் சட்டத் தடைகள் உண்டு. விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மதிப்பீட்டு அலுவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் திரை கப்பலேறாது. கடைக்காரர் தரும் ரசீது போதாது. பணம் கொடுப்பதற்கு முன், அந்த மதிப்பீட்டுக்குப் பொறுப்பு யார், மறுத்துவிட்டால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மடிப்புகளின் முன்பக்கம், பின்பக்கம், கீல்கள், கால்கள் அனைத்தையும் தனித்தனியாகப் படமெடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள்.